ஐந்தாம் மாடிக்காரியும் எங்கள் மாப்பிள்ளையும்

ஓடிப்போகிற மனுஷனுக்கு மாமியாரே பெட்டி கட்டிக் கொடுப்பாளா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ஆறு சட்டை, நான்கு பேண்ட், கம்பளிச் சட்டை ஒன்று, இரத்தக் கொதிப்பு மாத்திரை, ஸ்க்ரூடிரைவர் செட்டு ஒன்று. எல்லாம் இந்தக் கை மடித்து வைத்தது. ஒருத்தியோடு ஓடுகிறவன் ஸ்க்ரூடிரைவர் செட்டையா தூக்கிக்கொண்டு ஓடுவான்?

எங்கள் மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினொரு நாள் ஆகிறது. அதற்குள் மாடிப்படியில் மூன்று கதை ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரி சொல்வது, அவர் வெளிநாட்டுக்காரி ஒருத்தியோடு போய்விட்டார் என்று. கீழ்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் சொல்வது, வேலை போய்விட்டது, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலைமறைவாகிவிட்டார் என்று. மூன்றாவது கதை, என் மகள்தான் துரத்திவிட்டாள் என்பது. அதை யார் கிளப்பியது என்று இன்னும் தெரியவில்லை. தெரியட்டும், பேசிக்கொள்கிறேன்.

அந்த வெளிநாட்டுக்காரிக்கு அடையாளம் வேறு சொல்கிறாள் தையல்காரி. ஐந்தாம் மாடிக்காரியாம். எங்கள் கட்டடத்துக்கு மொத்தமே நான்கு மாடி. இல்லாத மாடியில் ஒருத்தியைக் குடிவைத்து, அவளோடு என் மாப்பிள்ளையை அனுப்பியும் வைத்துவிட்டார்கள். சரி, அந்த ஐந்தாம் மாடிக்காரி யார் என்று நானே சொல்கிறேன். அவளைப் பற்றி இந்தக் கட்டடத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவள் யாரும் இல்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஒரே கம்பெனி. எங்கள் வீடு மூன்றாம் மாடி, எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிவிட்டு, சாயங்காலம் அவர் படியேறித்தான் வீட்டுக்கு வருவார். தெருவில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். பேசமாட்டார், உண்மைதான். கல்யாணமான புதிதில் இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று எனக்கே சந்தேகம் வந்து, டாக்டரிடம் காட்டலாமா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டேன். வரும், தேவைப்பட்டால் வரும் என்றாள். தேவைப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரி லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "கதவத் தட்டாதீங்க. உக்காருங்க. நான் இங்கதான் இருக்கேன்." மாட்டிக்கொண்டது நான் என்று அவருக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் அந்தக் குரலில் அதைத்தான் சொல்வாராம். அன்றிலிருந்து அவர் பேசாததைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

போன வருஷம் கம்பெனி கை மாறியது. வாங்கியவர்கள் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களுடைய பாஷை ஸ்பானிஷ். பழைய லிஃப்டுகளை எல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டப்போவதாகச் சொன்னார்கள். புதுசு அத்தனையும் கம்ப்யூட்டர். இங்கிருந்து ஒரே ஒரு ஆளை ஆறு மாதம் அங்கே கூப்பிட்டுக் கற்றுக்கொடுப்பார்கள்; திரும்பி வந்து அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. அதனால் நான்கு மாதம் கழித்து வீடியோவில் கூப்பிட்டு ஸ்பானிஷில் பேசிப் பார்ப்பார்கள், தேறுகிறவருக்கு டிக்கெட்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தேறாவிட்டால் என்ன என்பதையும் மேனேஜர் சொல்லிவிட்டார். ஸ்டோர் ரூம். உட்கார்ந்து நட்டு போல்ட்டைப் பிரித்துப் பிரித்து டப்பாவில் போட வேண்டும், ரிட்டயர் ஆகும் வரை. லிஃப்டைக் கையால் தொடவே முடியாது.

மாப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, கையை இரண்டு தடவை கழுவினார். கிரீஸ் போகவில்லையா என்று கேட்டேன். "போகக் கூடாது அத்தை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் போனில் ஒரு பாடம் இறக்கிக்கொண்டார். ஒரு பச்சைக் கிளி வந்து ஆப்பிள் சிவப்பு, பையன் பால் குடிக்கிறான், பூனை மேசை மேல் இருக்கிறது என்று சொல்லும். இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கிளி கைதட்டும். மூன்று வாரம் சொன்னார். காலையில் படித்தது மத்தியானம் இருக்காது. ஒரு நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முப்பது வருஷத்தில் ஒரு லிஃப்டிலும் யாரும் தன்னிடம் ஆப்பிளைப் பற்றிப் பேசியதில்லை என்றார். அவர் குரலில் அவ்வளவு வருத்தம் நான் கேட்டதில்லை. கம்பெனியில் இன்னும் மூன்று பேர் போட்டிக்கு இருந்தார்கள். அதில் ஒருவர் டை கட்டிக்கொண்டு வருகிறவர், காசு கட்டி வகுப்புக்கே போய்க்கொண்டிருந்தார்.

என் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவள்தான் சொன்னாள், தனக்கும் பாடப் புத்தகத்தில் எதுவும் ஏறவில்லை, தினம் தினம் ரிப்போர்ட்டைப் படித்துப் படித்துத்தான் அந்த வார்த்தைகளெல்லாம் ஒட்டிக்கொண்டன என்று. "நீங்க எதைப் படிப்பீங்களோ அதை அந்த பாஷைல படிங்க. தினம் கொஞ்சம்." இவர் எதைப் படிப்பார்? தமிழிலேயே இவர் படித்து நான் பார்த்தது, லிஃப்டுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்குமே, அந்தப் பலகை மட்டும்தான்.

ஆனால் யோசித்தார். லிஃப்டுக்கு அந்த பாஷையில் என்ன வார்த்தை என்று பார்த்தார். அஸென்ஸோர். அதைப் போனில் போட்டுத் தேடினார். என்னென்னவோ வந்தது, தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். ஏதோ ஊரில் ஏழு மாடிக் கட்டடம், இருபத்தெட்டு வீடு, ஒரே ஒரு லிஃப்ட். அந்தக் கட்டடத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டி எழுதிக்கொள்வதற்கு ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எழுதலாம். பூட்டு போட அவர்களுக்குத் தோன்றவில்லை, நமக்கு நல்லதாய்ப் போயிற்று.

காலைக் காப்பி ஆறிப்போனது தெரியாமல் அன்று முழுக்கப் படித்தார். உங்களுக்குத்தான் வார்த்தையே தெரியாதே, எப்படிப் புரிகிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதுவரை அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதே இல்லை. லிஃப்ட் புகார் எந்த பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். முதல் வரி, லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது வரி, எத்தனை நாளாக. மூன்றாவது, மேல் மாடியில் வயதான ஒருத்தர் இருக்கிறார். நான்காவது, போன தடவையும் சொன்னேன். ஐந்தாவது, இதற்கெல்லாம் செயலாளர்தான் காரணம். "என்ன சொல்ல வர்றாங்கன்னு முன்னாடியே தெரியும் அத்தை. எந்த வார்த்தையால சொல்றாங்கன்னு மட்டும் பாத்தாப் போதும்."

அப்படிப் பார்த்த வார்த்தைகளை, ஒயருக்கு அடையாளம் ஒட்டுகிற வெள்ளை டேப்பில் எழுதி வீடெல்லாம் ஒட்ட ஆரம்பித்தார். கதவில் ஒன்று, சாவிக் கொத்தில் ஒன்று, குப்பைத் தொட்டியில் ஒன்று. குழாயில் ஒட்டியது நனைந்து நனைந்து விழும், மறுபடி ஒட்டுவார். வீடு அசிங்கமாக இருக்கிறது என்று மகள் முணுமுணுத்தாள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எழுத்து தெரிந்தவர்களுக்குத்தான் இது நம் பாஷை, அது அந்நிய பாஷை. எனக்கு எல்லாப் பாஷையும் ஒன்றுதான். எதையும் படிக்கத் தெரியாது, அதனால் எதன் மேலும் ஓரவஞ்சனை கிடையாது. குப்பைத் தொட்டியில் இருப்பது பசூரா, சாவியில் இருப்பது யாவே என்று இடத்தை வைத்தே நானும் தெரிந்துகொண்டேன்.

காலையில் அரை மணி நேரம், மத்தியானம் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் சோறு தின்றுகொண்டே அரை மணி நேரம். சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து அன்றைய சண்டையை எனக்குச் சொல்வார். சொன்னால் மறக்காது என்பது அவர் கணக்கு. எனக்கு அது தொடர் நாடகம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே மூன்றாம் மாடியில் நாய் வளர்க்கிற ஒருத்தி; நாய் லிஃப்டுக்குள் ஒன்றுக்குப் போகும், இவள் இல்லவே இல்லை, அது மழைத் தண்ணீர் என்று சாதிப்பாள். இரண்டாம் மாடியில் டிரம்பெட் ஊதுகிறவர். அவருக்கும் நாய்க்காரிக்கும் ஏழாம் பொருத்தம். செயலாளர் ஒருத்தர், எல்லாவற்றுக்கும் ஆவன செய்யப்படும் என்று மட்டும் எழுதுவார். சண்டை எதுவானாலும் 'எஸ்திமாதோஸ் வெஸினோஸ்' என்றுதான் தொடங்கும். மதிப்புக்குரிய அக்கம்பக்கத்தாரே என்று அர்த்தமாம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மதிப்பு என்று ஆரம்பித்தாலே அடிதடி வரப்போகிறது.

அப்புறம், அவள். ஐந்தாம் மாடிக்காரி. தனியாக இருக்கிற எழுபத்தெட்டு வயசுக் கிழவி, மூட்டு வலி. லிஃப்ட் நின்றுபோனால் இறங்க முடியாது. அந்த லிஃப்டோ வாரத்துக்கு இரண்டு நாள் நிற்கும், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில். இரண்டு தடவை உள்ளே மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பயந்துபோய், ஓடுகிற நாளிலும் ஏறுவதில்லை. ஐந்து வாரமாகக் கீழே இறங்கவில்லை, ரொட்டிகூட யாராவது வாங்கிக்கொண்டு வந்தால்தான் என்று எழுதினாள். என் வயசுக்காரி. எனக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன், இன்றைக்காவது இறங்கினாளா என்று. அவர் தலையை ஆட்டுவார். "அவ இன்னிக்கும் இறங்கி வரல அத்தை."

எங்கள் பால்கனிக்கு அடுத்த பால்கனி தையல்காரியுடையது. சுவரை ஒட்டித்தான் அவள் மெஷினைப் போட்டிருக்கிறாள். நாங்கள் பேசத் தொடங்கினால் மெஷின் சத்தம் நின்றுவிடும். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபது வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன் தினமும் ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறார், மாமியாரும் கூட உட்கார்ந்து உச்சுக்கொட்டுகிறாள். அவளுக்கு வேறென்ன தோன்றும்? அரை மீட்டர் துணி கிடைத்தாலே முழுச் சட்டை தைத்துவிடுகிறவள் அவள்.

கதை படியிறங்கி, தெருவைத் தாண்டி, ஆஸ்பத்திரி வரை போய்விட்டது. எக்ஸ்ரே ரூமில் ஒரு ஆயா என் மகளிடம் அனுதாபமாகக் கையைப் பிடித்துக்கொண்டாளாம். மகள் வீட்டுக்கு வந்தாள், பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"யாருங்க அது, அஞ்சாம் மாடிக்காரி?"

மாப்பிள்ளை போனை அவளிடம் நீட்டினார். அதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொல்லி, முதல் நாளிலிருந்து எல்லாச் சண்டையையும் படித்துச் சொன்னார். ஒன்றரை மணி நேரம். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. கடைசியில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் என்னிடம் இவ்வளவு பேசியதில்லையே, ஒரு நாய்க்காரி வந்துதான் உங்களைப் பேச வைக்க வேண்டியிருந்ததா என்று கேட்டாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். மறுநாளிலிருந்து பால்கனியில் மூன்று நாற்காலி. எலும்பு வரைக்கும் பார்க்கிறவள் அவள். அவளுக்கா புருஷனைப் பார்க்கத் தெரியாது?

இதற்கு நடுவே மாப்பிள்ளைக்கு வேறொரு அரிப்பு பிடித்துக்கொண்டது. அந்த லிஃப்ட் ஏன் நிற்கிறது? அங்கே மெக்கானிக் வருவார், ஓட்டிப் பார்ப்பார், கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். மறுபடி நிற்கும். "வர்றப்ப ஓடுது, போனப்புறம் நிக்குது" என்று இவர் தலையைச் சொறிவார். சாப்பிடும்போது தட்டில் விரலால் லிஃப்ட் வரைவார். பழைய புகார்களை எல்லாம் தோண்டிப் படித்தார். நின்ற நாட்களைக் குறித்தார்: திங்கள், வியாழன், திங்கள், வியாழன். எல்லாம் காலை வேளை. நான்காம் மாடிக்காரர் ஒருத்தர், லிஃப்ட் கதவுக்கு மேலே ஈரக் கறை இருக்கிறது என்று ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதியிருந்தார். நாய்க்காரியின் நாயைத் திட்டுகிற அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் மெஷின் ரூமிலிருந்தே வீட்டுக்குப் போன் பண்ணினார். அவர் வேலை நேரத்தில் கூப்பிட்டதே இல்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோனேன்.

"அத்தை, பூந்தொட்டி" என்றார்.

ஐந்தாம் மாடிக்காரி அன்றைக்கு எழுதியிருந்தாளாம். கீழே இறங்க முடியாத தனக்கு லிஃப்ட் கதவோரம் வைத்திருக்கிற பூந்தொட்டிகள்தான் துணை, திங்களும் வியாழனும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று. அந்தத் தண்ணீர் லிஃப்ட் வாசல் இடுக்கு வழியாக உள்ளே வடிகிறது. நேர் கீழே நான்காம் மாடிக் கதவின் பூட்டு. அது நனைந்தால், கதவு சரியாக மூடவில்லை என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிடும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். ஆக, கிழவியைச் சிறை வைத்தது கிழவியேதான். இறங்க முடியவில்லையே என்ற கவலையில் தண்ணீரை வேறு தாராளமாக ஊற்றியிருக்கிறாள்.

சொல்லாமல் இருக்க முடியுமா? எழுதுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். அகராதியைப் பார்க்கவில்லை, கிளியைக் கேட்கவில்லை, எல்லாம் தானே படித்துப் பொறுக்கிய வார்த்தைகள். அனுப்பிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார்.

மறுநாள் அந்தக் கட்டடமே தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மாப்பிள்ளை படித்ததெல்லாம் புகார். புகாரைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. உதவி செய்யப்போன மனுஷன் எழுதியது எப்படி இருந்தது என்றால்: மதிப்புக்குரிய அக்கம்பக்கத்தாரே, இது மூன்றாவது முறை, இனி பொறுக்க முடியாது, ஐந்தாம் மாடியின் பூந்தொட்டிகள் வெட்கக்கேடு, உடனே அகற்றப்படாவிட்டால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். அங்கே அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், அதுதான் எழுதுகிற முறை என்று நினைத்துவிட்டார்.

தனியாக இருக்கிற கிழவியைத் திட்டியது யார் என்று இருபத்தெட்டு வீடும் குதித்தது. நாய்க்காரி, இது டிரம்பெட்காரர் வேலை, பெயரை மாற்றி எழுதியிருக்கிறார் என்றாள். டிரம்பெட்காரர், அந்தக் கேவலமான நடையைப் பார்த்தாலே யார் என்று தெரிகிறதே என்றார். செயலாளர் ஆவன செய்யப்படும் என்றார். இங்கே இவரைப் பற்றி ஒரு கட்டடம் பேசிக்கொண்டிருந்தது போதாதென்று அங்கேயும் ஒரு கட்டடம் பேசியது. மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படிக்கவும் இல்லை. வீடியோ தேர்வுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஸ்டோர் ரூமே தனக்குச் சரி, அங்கே நட்டு போல்ட்டோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றார்.

நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் மூன்று நாற்காலியையும் போட்டேன், போய் உட்கார்ந்தேன். அவள் இறங்கினாளா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். பாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கொசுக்கடி தாங்காமல் அவரே போனை எடுத்தார். எட்டு நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே வேறு வேறு சண்டை, அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒன்பதாம் நாள் எழுதியிருந்தாள்.

பூந்தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டாளாம், கோபத்தில். இரண்டு வியாழன், ஒரு திங்கள், லிஃப்ட் நிற்கவில்லை. நான்காம் மாடிக்காரர் கூட வந்தார், கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ரொட்டி வாங்கினேன். பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டிய அந்த வாய்த்துடுக்குக்காரன் யாராயிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று முடித்திருந்தாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "அத்தை, அவ இறங்கி வந்துட்டா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் கைதட்டினேன். மகள் உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "நிஜமாவா, வந்துட்டாளா?" என்று சிரிக்கிறாள். பக்கத்துப் பால்கனியில் தையல் மெஷின் நின்றது மட்டுமில்லை, ஏதோ கீழே விழுந்து உடைந்தது. அன்றைக்குத்தான் எங்கள் கட்டடத்தின் கதை முற்றிப்போனது. சக்களத்தி வந்து இறங்கிவிட்டாளாம், மாமியாரும் பெண்டாட்டியும் கைதட்டி வரவேற்கிறார்களாம்.

தேர்வு எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. போனை டப்பாவில் சாய்த்து வைத்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேமராவில் விழாத மூலையில். அந்தப் பக்கம் ஒரு இன்ஜினியர், நரைத்த மீசை, தூங்கி எழுந்த முகம். ஏற்கெனவே மூன்று பேரோடு பேசி முடித்திருந்தார். எல்லாரும் தன் குடும்பம், தனக்குப் பிடித்த நிறம் என்று ஒரே மாதிரி சொல்லியிருப்பார்கள் போல. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இவரையும் கேட்டார்.

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. வாயைத் திறந்தார், மூடினார். திறந்தார். "எஸ்திமாதோஸ் வெஸினோஸ்" என்றார்.

பேச்சு எனக்குப் புரியாது, ஆனால் ராகம் தெரியும். நான்கு மாதமாகக் கேட்கிறேனே. முழுப் புகார். முப்பது வருஷமாக வேலை செய்கிறேன், இது பல முறை தெரிவிக்கப்பட்டுள்ளது, இப்போது ஸ்டோர் ரூம் என்கிறார்கள், இது வெட்கக்கேடு, இனி பொறுக்க முடியாது. இப்படிச் சொன்னதாக அவரே பிறகு சொன்னார். இன்ஜினியரின் மீசை அசையவில்லை. போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மீசை ஓரமாகத் துடித்தது. மனுஷன் நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தார், அவர் பக்கத்துப் போன் சாய்ந்துவிட்டது. யாரையோ கூப்பிட்டார். திரையில் இன்னும் இரண்டு தலை வந்து நின்றது.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாராம். மாப்பிள்ளை பூந்தொட்டிக் கதையைச் சொன்னார். அதில் அவர் தடுமாறவே இல்லை. நாய்க்காரி சொன்னதை நாய்க்காரி மாதிரி சொன்னார், செயலாளர் சொன்னதைச் செயலாளர் மாதிரி. திங்கள், வியாழன், ஈரக் கறை, கதவுப் பூட்டு என்று விரலால் மேசையில் வரைந்தார். சிரிப்பு நின்றுபோய் மூன்று தலையும் கிட்டே வந்து பார்த்தன. அவர்களுக்கு வார்த்தை முக்கியமாகப் படவில்லை, நிற்கிற லிஃப்டைப் பார்க்காமலே பிடித்த ஆள் இவர் என்பதுதான் பட்டது. முடியும்போது இன்ஜினியர் ஒன்று சொன்னார். இருபது வருஷமாக இந்த மாதிரிக் கடிதம் தினமும் எனக்கு வருகிறது, ஒருத்தராவது கடைசி வரை படித்துவிட்டுத் திருப்பிச் சொன்னது இன்றைக்குத்தான் என்று.

முடிவு தெரியப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் ஸ்டோர் ரூமில் இவருக்கு ஒரு நாற்காலியும் சாய்ந்துகொள்ளத் தலையணையும் போட்டு வைத்துவிட்டார்கள். இவர் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே நட்டு பிரித்தாராம். பதின்மூன்றாம் நாள் அந்தத் தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்தார். "உங்களுக்கு அத்தை. பால்கனி நாற்காலிக்கு." டிக்கெட் வந்துவிட்டது என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

கிளம்பிய அன்று காலை பத்து மணி. பெட்டியை நான் கட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கிழவியைப் போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். அது வேறு ஊர், ரயிலில் எட்டு மணி நேரம் என்றார். எட்டு மணி நேரம்தானே, போங்கள், பூந்தொட்டியை மறுபடி வெளியே வைத்திருக்கிறாளா என்று பாருங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணி அந்த வாரச் சண்டையைச் சொல்ல வேண்டும் என்றும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

மகள் காலையிலிருந்து தைரியமாகத்தான் இருந்தாள். பெட்டியைத் தூக்கியதும் முகம் கோணிக்கொண்டது. மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரி லிஃப்டில் நான் கேட்டேனே, அதே குரல். "பதறாத. உக்காரு. நான் லைன்லதான் இருக்கேன்." அவள் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே.

கதவைத் திறந்தால் படியில் பக்கத்து வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு டேப்போடு. அவளுக்குப் பின்னால் தபால்காரர். எதேச்சையாக நிற்கிறார்களாம். "என்ன சார், தூரப் பயணமா?" என்று தையல்காரி பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இருபது வருஷமாக மாப்பிள்ளை அவளுக்குத் தலையாட்டலைத் தவிர எதுவும் கொடுத்ததில்லை. அன்றைக்கு நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஸ்திமாதோஸ் வெஸினோஸ்" என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம் பேசியிருப்பார், ஒரே மூச்சில், அவ்வளவு மரியாதையாக, லேசாகத் தலையைக் குனிந்து. நடுவில் ருயிதோ என்றார், அது சத்தம். பசூரா என்றார், அது குப்பை; அவள் படியில் தள்ளிவிடுகிற வெட்டுத் துணி எனக்குக் கண்முன் வந்தது. எஸ்கலேரா என்றார், படி. மூன்றாவது முறை என்பதும் மேல் நடவடிக்கை என்பதும் ராகத்திலேயே தெரிந்தது. முடித்துவிட்டுக் கைகூப்பினார். தையல்காரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தபால்காரர் கூடப் பதிலுக்குக் கைகூப்பினார்.

"என்ன பாட்டி சொன்னார்?" என்று தையல்காரி என் காதோரம் கேட்டாள்.

"போய்ட்டு வரேன், வீட்டைப் பாத்துக்கங்கன்னார்" என்றேன்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசையவில்லை, கண் மட்டும் சிரித்தது. பிறகு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். இருபத்திரண்டு கிலோ, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.